பில்ச்சர் குடும்ப விருந்து

கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் தயாரிப்பது லெஸ்லி டகெட்டுக்கு ஒரு மாலை நேர வேலைதான். கறுப்புத் தேநீரில் ஊறவைத்து, ஹீட்டர் மேல் காயப்போட்டதும் காகிதத்துக்கு நூற்றைம்பது வயது கூடிவிட்டது. அதன்படி அவன், விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டன் பெர்மாண்ட்சியில் கொடிகட்டிப் பறந்த 'ஒபதியா பில்ச்சர் அண்ட் சன்ஸ்' தோல் தொழிற்சாலையின் வாரிசு.

நிஜத்தில் அவன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். அப்பா யாரென்றே தெரியாது. கொள்ளுத்தாத்தாவுக்கு எங்கே போவது?

வக்கீல் திருமதி ஹோப்டன் பத்திரிகையில் கொடுத்திருந்த விளம்பரம்தான் அவனை இழுத்தது. பில்ச்சரின் பழைய தோல் கிடங்கு ஒன்று தேம்ஸ் கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். வாரிசுகள் ஆதாரத்தோடு வந்தால் பங்கு உண்டாம்.

சான்றிதழை அனுப்பினான். ஞாயிறு மதிய விருந்துக்கு அழைப்பு வந்தது.

விருந்து நடந்த மதுக்கடையின் மாடியறைக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அறை நிறைய பில்ச்சர்கள்! உண்மையான சொந்தக்காரர்கள் மத்தியில் இரண்டே கேள்வியில் சாயம் வெளுத்துவிடுமே? நைசாக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஊதாத் தொப்பி அணிந்த ஒரு பெரிய அம்மாள் நேராக அவனிடம் வந்தாள்.

"நான் வினிஃப்ரெட். நீ எந்தக் கிளை தம்பி?"

"ரெண்டாவது மகன் வழிங்க."

"யாரு, ஆம்ப்ரோஸா?"

"அவரேதான்."

"அப்ப நீ எனக்கு மருமகன் முறை. அத்தைன்னு கூப்பிடு. ஏன்டா இப்படி எலும்பும் தோலுமா இருக்க? தோல் வியாபாரக் குடும்பம்தான், அதுக்காக இப்படியா விளம்பரம் பண்றது?"

அறையே சிரித்தது. எதிரே இருந்த வழுக்கைத் தலை ரெஜினால்ட் முன்னால் சாய்ந்தார்.

"ஆம்ப்ரோஸ் பத்தி ஏதாவது சொல்லுப்பா. எங்க வீட்டுல அந்தப் பேரை எடுத்தாலே மூக்கைப் பொத்திக்குவாங்க."

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் லெஸ்லி. வருகிற வழியில் பஸ்ஸில் ஜோடித்த கதையை வேறு வழியில்லாமல் அவிழ்த்துவிட்டான்.

"அந்தக் காலத்துல தோலை மெதுவாக்க நாய்ப் பீயிலதானே ஊறவைப்பாங்க. அந்த வாசனையோட ஆம்ப்ரோஸ் தாத்தா சர்ச்சுக்குப் போனா, தெரு நாயெல்லாம் பின்னாலயே போகுமாம். பாதிரியார் நாய்ங்களுக்கும் சேர்த்து ஆசீர்வாதம் பண்ணுவாராம்."

ரெஜினால்டின் கரண்டி இறைச்சி அப்பத்தின் மேல் அப்படியே நின்றது.

திடீரென்று அத்தை மேஜையைத் தட்டினாள். "ஆமா! எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா! அதுல ஒரு செவலை நாய். ஒத்தைக் காது! சர்ச்சுல பாட்டு ஆரம்பிச்சா அதுவும் சேர்ந்து ஊளையிடுமாம்!"

"அந்த நாய் செத்தப்ப எங்க தாத்தா சாப்பிடவே இல்ல" என்றார் ரெஜினால்ட்.

மூலையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

லெஸ்லி திகைத்துப்போனான். அவனே கட்டிவிட்ட கதை. அதில் வந்த நாயின் காது இவர்களுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு பதில்தான் தட்டுப்பட்டது. அது கதையில்லை, நடந்தது. ரத்தம் தானாகப் பேசியிருக்கிறது. தான் நிஜமாகவே பில்ச்சர்தானோ?

அவனுக்கு நெஞ்சு விம்மியது. அத்தை தன் தட்டிலிருந்த இறைச்சி அப்பத்தில் பாதியை வெட்டி அவன் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுக்கு வந்துடு. வரலேன்னா நானே வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்."

கிறிஸ்துமஸுக்கு வா என்று அவனை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் மேஜைக் கோடியில் இருந்த வக்கீல் திருமதி ஹோப்டன் எழுந்து, கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தட்டினாள்.

"மன்னிக்கணும். நான் வக்கீல் இல்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர், மோசடித் தடுப்புப் பிரிவு. இந்த அறைக்குள்ள போலிச் சான்றிதழ் நுழைஞ்சிருக்கு."

வாசலில் கான்ஸ்டபிள்கள் வந்து நின்றார்கள்.

லெஸ்லியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. அதை ஒட்டித் தண்ணீர்க் குழாயும் இறங்கியது. பழைய லெஸ்லியாக இருந்தால் இந்நேரம் தெருக்கோடியில் இருப்பான். ஆனால் அவன் ஓடினால் இந்த வெள்ளை மனசுக்காரர்களை அல்லவா குடைந்தெடுப்பார்கள்? அத்தையைப் பார்த்தான். தொப்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றான்.

"மேடம், அது நான்தான். எனக்குத் தாத்தாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இவங்கல்லாம் கௌரவமான குடும்பம். இவங்களை ஒண்ணும் கேக்காதீங்க. அத்தை... என்னை மன்னிச்சிருங்க."

அத்தை நிமிரவே இல்லை. ரெஜினால்ட் மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று லெஸ்லிக்குக் கண் கலங்கியது.

"உட்காருங்க மிஸ்டர் டகெட்" என்றாள் இன்ஸ்பெக்டர். "அவசரப்படாதீங்க. எல்லாருக்கும் கைவிலங்கு கொண்டுவந்திருக்கோம்."

"எல்லாருக்குமா? இவங்க என்ன பண்ணினாங்க?"

"ஒபதியா பில்ச்சர்னு ஒருத்தர் பொறக்கவே இல்லையே, போன மாசம் ஸ்டேஷன்ல உட்கார்ந்து நாங்கதான் அவரைப் பெத்தோம்!"