தொட்டிலுக்கு வாயடைத்த கதை

மருமகளுக்குப் பிள்ளை வேண்டி, கோயில் மரத்தில் கட்ட மரகதம்மாள் வாங்கிவந்த குட்டி மரத்தொட்டில் பூஜை அலமாரியில் இருந்தது. கீழே அந்த வீட்டுப் பூனை மூன்று நாளாய்த் துணை தேடிக் கத்திக்கொண்டிருந்தது.

"நல்லாக் கத்து. பிள்ளைக்கு ஏங்குற வீடு இது. நீ குட்டி போட்டா தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க" என்றது தொட்டில்.

பூனை அதை நம்பி இன்னும் கத்தியது. மரகதம்மாள் அதைக் கூடையில் போட்டு எடுத்துப்போனாள். சாயங்காலம் திரும்பிய பூனையின் வயிற்றில் மயிரை மழித்துத் தையல் போட்டிருந்தது.

"என்னடி இது?" என்றது தொட்டில்.

"கருப்பையை எடுத்துட்டாங்க. இந்த நேரத்துல ரத்தம் அதிகமாப் போகும், பத்து நாள் பொறுங்கன்னார் டாக்டர். அம்மாதான் சத்தம் தாங்கலைன்னுட்டாங்க" என்றது பூனை.

மறுநாள் மரகதம்மாள் தொட்டிலை மரத்தில் கட்டிக் கண்ணீர் விட்டாள். "எங்க வீட்டுலயும் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கணும், தாயே."

சாமியிடம் எடுத்துச்சொல்ல வேண்டிய தொட்டில் வாயடைத்துத் தொங்கியது.