மட்டைக்குப் பின்னால் உடும்பு

காட்டுப் பந்தாட்ட அணியில், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது உடும்பின் வேலை. மந்தி எறியும் பந்து தரையில் குத்தினாலும் கோணலாகப் போனாலும் உடும்பின் கையைத் தாண்டியதில்லை. ஆனால் தன் முறை வந்து மட்டையைத் தூக்கினால் காற்றைத்தான் அடிக்கும். ஒன்பது வருஷமாக அப்படியே.

அணித்தலைவர் கரடியாருக்குப் பொறுமை போய்விட்டது. "அடிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்" என்று சொல்லி, அந்த இடத்தில் காட்டுப்பன்றியை உட்கார வைத்தார். உடும்பு புற்றுக்குள் போனது. அப்புறம் வெளியே தலைகாட்டவில்லை.

பன்றி நன்றாகவே அடித்தது. ஆனால் தாழ்வாக வந்த பந்துகளைக் கோட்டைவிட்டது. அதற்குப் பயந்து மந்தி தாழ்வாக எறிவதையே நிறுத்திவிட்டது. நேராக வந்த பந்துகளை எதிரணி நரிகள் விளாசித் தள்ளின. தொடர்ந்து நாலு ஆட்டம் தோல்வி.

ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் கரடியார் புற்று வாசலில் வந்து நின்றார். "வாப்பா, மந்திக்குக் கையே ஓட மாட்டேங்குது."

"நான் இன்னும் அடிக்கக் கத்துக்கலையே" என்றது உடும்பு.

"தெரியும். வா."

அன்று கடைசிப் பந்தை மந்தி துணிந்து தரையோடு எறிந்தது. நரி வீசிய மட்டைக்கு அடியில் நழுவி வந்த பந்தை உடும்பு புழுதியோடு சேர்த்து அள்ளிக்கொண்டது. ஜெயித்தாயிற்று. கூட்டம் ஓடிவந்து மந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. உடும்பு கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

தோள்மேல் போய்க்கொண்டிருந்த மந்தி திரும்பிப் பார்த்துக் கத்தியது: "அண்ணே, நாளைக்கும் வந்துடுவீங்கல்ல?"