லேப்டாப்பில் கேட்ட உத்தரவு

“பூசாரி கோயிலப் பூட்டிட்டுப் போயிட்டாராம், ஜோதி. அவரு மகளுக்கு இடுப்புவலி கண்டுருச்சாம், விருதுநகர் ஆஸ்பத்திரியில இருக்காகளாம். திரும்பி வர ரெண்டு நாளு ஆகும்ங்குறாக.”

பரளச்சி வரைக்கும் பஸ்ஸில் போய் வெறுங்கையோடு திரும்பிய பிச்சையம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகள் நாகஜோதி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். ரெண்டு நாளா? நாளைக் காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிவாகியாக வேண்டுமே.

சாலைப் பணியாளராக இருந்த அப்பா ஆண்டிச்சாமி இறந்து மூன்று வருஷமாகிறது. வாரிசு வேலைக்கு மனுப் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக அம்மா நடையாய் நடந்து, போன வாரம்தான் நாகஜோதி பேருக்கு ஆர்டர் வந்தது. அருப்புக்கோட்டையில் அலுவலக உதவியாளர் வேலை. நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த ஆர்டர் வெறும் காகிதம்.

வந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது. அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்தும் ஒரு அழைப்பு. நாகஜோதி காலேஜில் படித்தது என்னவோ வரலாறு. ஆனால் எம்.ரெட்டியபட்டியில் அவளை லேப்டாப் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. யூடியூப்பைப் பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதப் பழகியிருந்தாள். இந்தப் பக்கத்து பஸ் நேரங்களைச் சொல்ல விளையாட்டாக அவள் எழுதிப்போட்ட ஆப்பைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு மாசம் பார்ப்பார்களாம், பிடித்தால்தான் நிரந்தரமாம். அவர்களும் நாளைக் காலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

“ஆறு மாசத்துல வேணாம்னுட்டா என்ன செய்வ? அவுகளுக்கென்ன, ஒரு மெயிலப் போட்டு அனுப்பிருவாக. உங்கப்பா வேல போனா போனதுதான்” என்று பிச்சையம்மாள் பழையபடி ஆரம்பித்தாள். “ஞாயித்துக்கெழம பூராவும் அந்தப் பொட்டிய நோண்டிக்கிட்டு இரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“ஞாயித்துக்கெழமைக்குன்னு ஒதுக்கி வைக்க முடியலம்மா. எனக்கு அதுலதான் மனசு ஓடுது.”

“மனசு ஓடும். அடுப்பு எரியணும்ல?”

ஒரு வாரமாக வீட்டில் இதே கேள்விதான். கோயம்புத்தூருக்குப் போவதா, வேண்டாமா? பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில், குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று சமாதானம் ஆனார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கேட்பதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு என்றால் மறுப்பு. இப்போது சாமியே பூட்டுக்குள் இருந்தது.

பிச்சையம்மாள் திடீரென்று நிமிர்ந்தாள். “ஏத்தா, பொங்கலுக்கு ஊர்ப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் உன் பொட்டியிலதான போட்ட? ஒருத்தரும் குத்தம் சொல்லலையே. அதுலயே பூவும் போட்டுப் பாத்தா என்ன?”

“கம்ப்யூட்டர்லயா?”

“சாமிக்கு அதுக்குள்ள வரத் தெரியாதாக்கும்?”

நாகஜோதி லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுத வேண்டியது பத்தே வரி. திரையில் ஒரு பொத்தான். அமுக்கினால் வெள்ளையோ சிவப்போ ஒரு பூ வரும். எது என்பதை கம்ப்யூட்டரே குலுக்கி எடுக்க ஒரு வரி.

அந்த வரியில்தான் கை நின்றது. சிவப்பு வந்துவிட்டால்? ஆயுசுக்கும் மேசைக்கு மேசை ஃபைல் தூக்க வேண்டியதுதான். அந்த வரியை அழித்தாள். எத்தனை தடவை அமுக்கினாலும் வெள்ளை மட்டுமே வரும்படி எழுதினாள்.

எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பெற்றவளை ஏமாற்றுவது போதாதென்று குலசாமி பேரிலேயே ஏமாற்றுகிறாளே! திரும்ப மாற்றிவிடலாமா என்று அவள் தவிப்பதற்குள், நெற்றி நிறையத் திருநீறோடு அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்புக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டாள்.

“சாமியக் கேட்டுட்டியாம்மா?”

“மனசுல கேட்டுட்டேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்க அமுக்கணும்?”

நாகஜோதி காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். வெள்ளைப் பூ வந்தது.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “மூணு தடவ கேக்கணும்” என்றாள்.

மறுபடி வெள்ளை. அம்மாவின் உதடு துடித்தது. மூன்றாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். அதுவும் வெள்ளை. கண்ணைத் திறந்து பார்த்தவளுக்குப் பொலபொலவென்று நீர் கொட்டியது.

அதைப் பார்க்க நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். “ம்மா, வந்து...”

“ஒண்ணும் பேசாத. சாமி சொன்னபெறகு நீயும் மாத்திப் பேசக்கூடாது, நானும் மாத்திப் பேசக்கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

அம்மாவே இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு வேறென்ன வேண்டும்? அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, பீரோ மேலிருந்த பெரிய பையை இறக்கினாள்.

“பை எதுக்குத்தா?” மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள் பிச்சையம்மாள். “அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு வர டிபன் டப்பா போதாதா? ‘அவுக அப்பா வேலையில எம்மக சேரட்டுமா’ன்னுதான கேட்டேன். மூணு தடவையும் சரின்னுருச்சே சாமி!”