கென்னாவுக்கு ஒரு மண்பொம்மை

“புருஷன் கல்லறையில வந்து பிள்ளை வரம் கேட்கிற பொம்பளைய இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!”

பாஷெத் போட்ட கூச்சலில், ஆற்றுக்கு மேற்கே, கல்லறைகள் நிறைந்த மலைச் சரிவே திரும்பிப் பார்த்தது. செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் திருவிழா நாள். அவரவர் குடும்பக் கல்லறை முன்னால் ரொட்டியும் வெங்காயமும் பீருமாக உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு வேடிக்கை கசக்குமா என்ன?

ஹுனெரோ நிமிரவில்லை. மடியில் குழந்தையோடு இருந்த களிமண் பெண் பொம்மையைக் கணவன் கென்னாவின் கல்லறை வாசலில் வைத்து, சாயாமல் இருக்க மணலை அணைத்தாள்.

“காதுல விழலையா அண்ணி? எங்கண்ணன் செத்து வருஷம் ஒண்ணாச்சு.”

“தெரியும் கொழுந்தனாரே. அழுதது நான்தானே.”

“பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தி வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. இப்போ யாருக்குப் பெத்துக் கொடுக்கப் போறீங்க?”

“சுவர் பூசுற நெப்ரேவுக்கு. அடுத்த பௌர்ணமிக்குக் கல்யாணம். வாங்க, வாத்துக்கறி போடுறேன்.”

பக்கத்துக் கல்லறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாஷெத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“தாராளமா கட்டிக்குங்க. ஆனா வீட்டைக் காலி பண்ணிடுங்க. பிள்ளை இல்லாத அண்ணன் வீடு தம்பிக்குத்தான். நாளைக்குக் காலையில கழுதையோட வர்றேன்.”

“வாங்க. கழுதைக்குத் தண்ணி காட்டுறேன். வீட்டுக்குள்ள மட்டும் ரெண்டு பேரையும் விடமாட்டேன்.”

சிரித்துத்தான் சொன்னாள். உள்ளுக்குள் கொதித்தது. அவள் காலால் மிதித்த சேற்றில் அறுத்த செங்கல் அத்தனையும். அந்த வீட்டை விட்டு அவள் ஏன் போகவேண்டும்?

பாஷெத் பொம்மையைப் பிடுங்கினான். அதன் முதுகில் எழுதியிருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான்.

“‘உங்கள் மகளுக்கு ஒரு பிள்ளை கொடுங்கள்.’ ஐயோ பாவம்! இது செத்துப்போன அப்பன்கிட்ட மக வைக்கிற பொம்மையாச்சே! அண்ணி கல்லறை மாறி வந்துட்டாங்க. எங்கண்ணனுக்கு ஏது மக?”

இப்போது எல்லாருமே சிரித்தார்கள். ஹுனெரோ பொம்மையை அவன் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

“நீங்க கல்லு வெட்டப் போயிருந்தப்போ, அக்கரைக் கோயில் எழுத்தர் முன்னால நாலு சாட்சி வெச்சு, தனக்குப் பின்னால வீடு எனக்கே சேரணும்னு உங்கண்ணன் என்னை மகளாத் தத்தெடுத்துக்கிட்டார்” என்றாள். “அதனால கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரரா நீங்கதான் முன்னால நிக்கணும், சித்தப்பா!”