மேட்ச்

"கவலைப்படாதீங்கக்கா, கண்டிப்பா மேட்ச் ஆயிடும்" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

தையல்காரரின் மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்காகக் கணவன் மனைவி இருவரும் போன வாரம் ரத்தம் கொடுத்திருந்தார்கள். முடிவு சொல்வதாக இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. தன் வீட்டுக்காரருக்குத் தானே கிட்னி கொடுக்கப்போவதாகச் சொன்னாள். "கல்யாணம் ஆனதுலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் எதுலயும் ஒத்துப்போனதில்லண்ணா. கிட்னி மட்டும் மேட்ச் ஆயிடுச்சு."

தையல்காரர் ஒப்புக்குச் சிரித்து வைத்தார். எத்தனை வருடமாக வீட்டில் புழங்கிய வார்த்தை அது! அவருக்கு மேட்ச் என்றால் துணியின் நிறத்துக்கு ஏற்ற நூல். மகனுக்கு டிவியில் ஓடும் ஆட்டம். அது இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். மனைவிக்கோ மகனுக்குப் பொருத்தமான பெண். கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் அவனுக்கு மேட்ச் ஆவாளா என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். இன்று அதே வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

பையன் எந்த வார்டில் இருக்கிறான் என்று அந்தப் பெண் கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அவள் விடுவதாக இல்லை. "ரெண்டு பேர் குடுத்திருக்கீங்க, ஒருத்தரோடதாவது மேட்ச் ஆகாமலா போயிடும்? நானும் வேண்டிக்கிறேன்க்கா."

தையல்காரரின் மனைவி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்மா. நீ எதுவும் வேண்டிக்காத."

மனசு விட்டுப்போனவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. தைரியம் சொல்ல இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் நேராக அவர்களிடம் வந்தார். "மேட்ச் ஆயிடுச்சு. ரெண்டு பேரோடதும்."

"நான்தான் சொன்னேனே" என்று அந்தப் பெண் பூரித்துப்போனாள்.

தையல்காரர் பதறி எழுந்தார். எங்கேயாவது மாறிப்போயிருக்கும், இன்னொரு தடவை பாருங்கள் என்று டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மனைவி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டார். "தப்பு எதுவும் இல்லைங்க. ஃபேக்டரி தீ விபத்துல அடையாளம் தெரியாம கிடந்த அந்த உடம்பு உங்க மகனோடதுதான். எடுத்துட்டுப் போகலாம்."