நாற்பது நொடி

“இது கம்ப்யூட்டர் வேலை. போட்டியில சேராது,” என்று லாரிப் படத்தை அவளிடமே நீட்டினார் நடுவர்.

“இல்ல சார். கும்மிருட்டுல கேமராவை நாப்பது நொடி திறந்து வச்சேன். அப்பா விளக்கைப் பிடிச்சுக்கிட்டு லாரியைச் சுத்தி நடந்தாரு. வெளிச்சம் பட்டதெல்லாம் படமா விழுந்திருக்கு.”

“நானும் நடந்து பாத்தவன்தாம்மா. விளக்கு கண்ணைக் கூசும், காலடியில இருட்டு. பம்பர்ல இடிச்சு முட்டி பேந்ததுதான் மிச்சம். இவ்வளவு சீரா யாராலயும் முடியாது.”

“எங்கப்பாவால முடியும் சார். உங்க காரையே எடுத்துக் காட்டறோம்.” அவள் குரலில் பிசிறே இல்லை.

ஷெட்டுக்குள் காரை நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அப்பா காரைச் சுற்றி வந்து, பானெட் முதல் டிக்கி வரை கையால் தடவி அளவு பார்த்துக்கொண்டார். ஷெட் விளக்குகள் அணைந்தன. கைவிளக்கோடு காரைச் சுற்றி நடந்த நாற்பது நொடியும் அவர் கால் எதிலும் தட்டவில்லை.

ஷெட் விளக்குகள் பளீரென்று எரிந்தன. கேமராவில் கார் ஒரே சீராக மின்னியது. நடுவர் முதல் பரிசுக்கு நேராக அவள் பெயரை எழுதினார்.

அப்பா காரை ஒட்டியே நின்றிருந்தார்.

“ஷெட்ல லைட்டு போட்டாச்சாம்மா?” என்று கேட்டார்.