வரிசையில் பிடித்த இடம்

காலை ஆறு ஐம்பதுக்கே வரிசை தெருவரை வந்துவிட்டது. நகர மருத்துவமனையின் புதிய பரிசோதனை மையம் அன்றுதான் திறந்தது. அங்கே ஊசி கிடையாது, இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியதில்லை. வரிசையில் நின்றால் போதும். காலுக்குக் கீழே உள்ள தரை உடம்பைப் பார்த்துவிடும்.

சீட்டு தவசிமுத்துவின் பெயரில் இருந்தது. அவர் டீ குடிக்கப் போனதால் மனைவி செண்பகவல்லி அந்தச் சீட்டோடு அவருக்காக இடம் பிடித்து நின்றாள். கதவுக்குப் பத்தடி இருக்கும்போதுதான் அவர் வந்து மாறிக்கொண்டார்.

"ஒரு டீக்கு இம்புட்டு நேரமா? மாட்டைப் பிடிச்சுக் கறந்துட்டு வந்தியளோ?"

"நீ நின்னா என்ன, நான் நின்னா என்ன?"

கதவருகே தவசிமுத்துவின் பெயரில் சிவப்பு அட்டை வந்தது. கணையத்தில் கட்டி என்றும், மூன்று நாளுக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும் என்றும் அதில் இருந்தது. செண்பகவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தவசிமுத்து மட்டும் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போனார்.

"தாயி, ரெண்டு நிமிஷம் நின்னாலே தரைக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியாது ஐயா. கால் மணி நேரமாவது நிக்கணும். நீங்கதான் அவ்வளவு நேரம் நின்னிருக்கீங்களே, பதிவாகியிருக்கு."

அவர் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பி வந்தபோது செண்பகவல்லி கண்ணைத் துடைத்திருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குப் பயப்படுதிய? ஒரு நோவு நொடி இல்லாம நான் கல்லு மாதிரி இருக்கேன்லா, உங்களைப் பார்த்துக்க மாட்டேனா?"